நோயாளியிடம் விசுவாசத்தை வசூலிக்காதீர்கள்

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்ற செய்தி சபையில் பரவிய வாரத்தில், எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி விட இடமில்லாமல் போயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்க ஆலயம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அவர் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், அவரிடம் படித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எல்லாச் சபைகளிலும் இருந்தார்கள். வந்தவர்கள் அனைவரும் அன்பினால்தான் வந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் சிலருக்கு வருத்தம் தரும் வார்த்தைகளும் வரும்.

அதற்கு முன்பு பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு நானும் பல வீடுகளுக்குச் சென்று ஜெபித்தவள்தான். டயாலிசிஸ் தொடங்கியது முதல் அவர் கண்மூடியது வரையிலான ஆண்டுகளில், நோயாளியின் வீட்டில் நடக்கும் ஜெபத்தை முதல் தடவையாகக் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தேவன் குணமாக்குகிறார் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு விலையாக நோயாளியிடமிருந்து விசுவாசத்தைக் கேட்டு வாங்கும் வழக்கம் வேதத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நோயாளியின் உடம்பும் அதைத் தாங்குவதில்லை.

வந்தவர்கள் நோயைப் பற்றி நம்பியது ஒரே விதமாக இருக்கவில்லை. எங்கள் சபையின் மூத்தவர்கள் நோயை வாழ்வின் பாடுகளில் ஒன்றாக எண்ணி, மருத்துவரின் கைகளை ஆசீர்வதிக்கும்படி ஜெபிப்பார்கள். அதற்கு ஊர்க்காரணமும் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது 1838-இல். எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் 1922-இல் பங்குகொண்ட அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், பயணம் முடிந்த பிறகு நெய்யூருக்கு வந்து, இங்கே சிகிச்சைக்காகக் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை இங்கேயே கொடுத்தார். நாகர்கோவில் வடசேரியில் இரட்சணிய சேனையின் கேதரின் பூத் மருத்துவமனை இருக்கிறது. சுவிசேஷமும் மருந்துப் புட்டியும் சேர்ந்தே வந்து இறங்கிய மாவட்டம் இது. மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் என் பாட்டிக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது.

அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அக்கா வேளாங்கண்ணியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தந்தார். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் ஆரோக்கிய மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகிறவர் அவர். மருத்துவமனைக்குப் போவதற்கும் மாதாவிடம் போவதற்கும் இடையில் அவருக்கு எந்த மோதலும் இருந்ததில்லை. அவருடைய மாமியாருக்கு மட்டும், குருவானவர் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தால் சாவு நெருங்கிவிட்டது என்ற பயம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்தப் பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று சொல்லி, 1972-இல் சடங்குமுறையும் புதுப்பிக்கப்பட்ட பின்னரும், பழைய தலைமுறையின் நெஞ்சிலிருந்து அந்தப் பயம் போகவில்லை.

பெந்தெகொஸ்தே சபையார் எல்லோரையும்விட அதிகமாக வந்தார்கள், அதிக நேரம் இருந்தார்கள், அதிகமாக அழுதார்கள். அவர்களுடைய போதனையின் அடித்தளம் ஏசாயா 53:5: "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்." சிலுவையில் பாவமன்னிப்பு வாங்கப்பட்டது போலவே உடலின் சுகமும் அங்கேயே வாங்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் விளக்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஊழியம் செய்த ஏ. பி. சிம்ப்சன் போன்ற போதகர்கள் இயேசுவை இரட்சகர், பரிசுத்தமாக்குகிறவர், சுகமளிக்கிறவர், மீண்டும் வரும் ராஜா என்று நான்கு விதமாகப் பிரசங்கித்தபோது இந்தப் போதனை வலுப்பெற்றது. ஜான் அலெக்சாண்டர் டவி என்பவர் இன்னும் ஒருபடி மேலே போய், மருத்துவர்களையும் மருந்தையும் வெளிப்படையாக எதிர்த்து, இல்லினாய் மாநிலத்தில் சீயோன் என்ற நகரத்தையே நிறுவினார். 1905-இல் பக்கவாதம் தாக்கி 1907-இல் அவரும் மரித்தார். எங்கள் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான். டவியின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனாலும் சுகம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டால், அது வந்து சேராதபோது குறை கொடுத்தவரிடம் இருக்க முடியாது, வாங்க வேண்டியவரிடம்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் எளிதில் வந்துவிடுவார்கள். என் கணவரின் தலையில் அந்த முடிவுதான் வந்து விழுந்தது.

வெளியூரிலிருந்து அழைத்துவரப்பட்ட ஊழியர் ஒருவர், கைவைத்து ஜெபித்து முடித்தபின், "சாரே, சுகம் இறங்கியாச்சு. இனி உங்க வாயிலிருந்து நோயின் வார்த்தை வரக்கூடாது. வலிக்குதுன்னு சொன்னா பிசாசுக்குக் கதவைத் திறந்து கொடுக்கிறீங்க" என்றார். நாவின் அறிக்கையில் மரணமும் ஜீவனும் இருக்கிறது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவனிடம் அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அப்போது நான் யோசித்ததில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவரின் சிகிச்சையில் பாதி, அவர் வாய்திறந்து சொல்வதில் இருக்கிறது. கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, தசை இழுக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் என் கணவர் "ஸ்தோத்திரம், நன்றாக இருக்கிறேன்" என்று பதில் சொல்லத் தொடங்கினார்.

அந்த மாதத்திலேயே மூன்று நாள் உபவாச ஜெபம் ஏற்பாடாயிற்று. நடுவில் வந்த டயாலிசிஸுக்கு அவர் போகவில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரம் வெளியேற்ற வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கியது. மூன்றாம் நாள் இரவு அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலின் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முன்புறம் குனிந்து, வாயால் மூச்சு வாங்கினார். பெண்ணும் மருமகனும் சேர்ந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அந்த நள்ளிரவில் அவசர டயாலிசிஸ் செய்துதான் காப்பாற்றினார்கள். பணியிலிருந்த இளம் மருத்துவர், மூச்சுத் திணறல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். "நேற்றுக் காலையில்" என்றார் என் கணவர். நேற்றுக் காலையில் நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் தேறி வீட்டுக்கு வந்தபின், சுகமளிக்கும் சம்பவங்களை நான்கு சுவிசேஷங்களிலும் தேடித்தேடிப் படித்தேன். ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்தேன்: இங்கே விசுவாசம் யாருடையது? மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவனின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. மாற்கு 9-இல் மகனுக்காக வந்த தகப்பன், தன் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்படி கண்ணீரோடு கேட்கிறான்; அரைகுறை விசுவாசத்தோடு வந்த அந்தத் தகப்பனின் பிள்ளை குணமாகிறான். யோவான் 5-இல் பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷமாய்க் கிடந்தவனுக்கோ தன்னைக் குணமாக்கினவர் யாரென்றே தெரியவில்லை.

பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) ஸ்திரீயிடம் அவளுடைய விசுவாசம் அவளை இரட்சித்தது என்று ஆண்டவர் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் அவள் குணமான பின்பு, கூட்டத்தின் நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றவளைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல் அது. முன்கூட்டியே அவளை நிறுத்தி வைத்து விசுவாசம் இருக்கிறதா என்று அவர் அளந்து பார்க்கவில்லை. இயேசு தாம் வளர்ந்த நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அற்புதங்கள் செய்யக்கூடாமல் போனதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். மாற்கு 6-ஐ முழுவதும் படித்தால், அது ஊராருடைய அவிசுவாசம் என்பதும், அந்த ஊரிலும் சில நோயாளிகள்மேல் கைகளை வைத்து அவர் குணமாக்கினார் என்பதும் தெரியவரும்.

நம் சபைகள் எல்லாம் கடைப்பிடிக்கும் யாக்கோபு 5:14, 15 வசனங்களும் இதே பங்கீட்டைத்தான் செய்கின்றன. வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது மூப்பர்களை அழைப்பது மட்டும். எண்ணெய் பூச வேண்டியவர்கள் அவர்கள், ஜெபிக்க வேண்டியவர்களும் அவர்கள். பிணியாளியை இரட்சிக்கும் என்று சொல்லப்பட்ட அந்த விசுவாசமுள்ள ஜெபம் ஜெபிக்க வந்தவர்களுடையது. அப்படியிருக்க, ஜெபம் கேட்கப்படவில்லை என்று தோன்றினால் முதலில் யார் தம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும்? எங்கள் போதகரிடம் இதைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே வசனத்தில் பிரசங்கம் செய்தார். மூப்பர்களில் இரண்டு பேருக்கு அந்தப் பிரசங்கம் பிடிக்கவில்லை.

மருந்துக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் வசனம், ஆசா ராஜா தன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே (வைத்தியர்களையே) தேடினான் என்பது. குற்றம் அவன் கர்த்தரைத் தேடாததில் இருக்கிறது. எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசியேதான். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவருகிறார், லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். இவர்களில் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று அவர் எழுதவில்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்காத பவுலிடம், அவருடைய விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்குத் துணிவு வரும்?

இன்னொரு சம்பவத்தையும் எழுத வேண்டும், அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. கூட்டம் ஒன்றில் ஜெபம் பெற்ற மறுநாள் டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 9-க்கு மேல் இருந்தது 3.5-க்கு இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த தம்பி ஒருவர் துள்ளிக் குதித்தார். இதை மேடையில் சாட்சியாகச் சொல்ல வேண்டும், கர்த்தருடைய மகிமையை மறைத்தால் கிடைத்த சுகமும் போய்விடும் என்றார். என் கணவர் தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன்னும் பின்னும் உள்ள எடை, இரத்த அழுத்தம், பரிசோதனை நடந்த நாட்களில் கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாவற்றையும் கணக்கு வாத்தியாருக்கே உரிய சதுரக் கையெழுத்தில் கட்டம் போட்டு எழுதிவைத்திருந்தார். "தம்பி, இயந்திரம் கழுவி அனுப்பினா இறங்கத்தான் செய்யும். நாளை மறுநாள் போகும்போது பாரு, ஏறியிருக்கும்" என்றார். ஏறித்தான் இருந்தது.

சாட்சி சொல்ல விரும்பும் குடும்பங்கள் அந்த நோட்டைப் போல ஒன்றை வைத்திருப்பது நல்லது. எந்தப் பரிசோதனை, எந்த நேரத்தில் எடுத்தது, அப்போது என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியாமல் இரண்டு எண்களை ஒப்பிட்டு அற்புதம் என்று அறிவிக்கக் கூடாது. குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் என்பதை நான் இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்வேன். சுத்தமானதைச் சோதித்து அறிவிக்கும் பொறுப்பு நியாயப்பிரமாணத்தின்படி ஆசாரியனுடையது. பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்தில் குணமானதாகப் பதிவான நிகழ்வுகள் ஏழாயிரத்துக்கும் மேல். மருத்துவர் குழு ஆய்ந்து, அதன்பின் ஆயர்கள் அற்புதம் என்று அறிவித்தவை ஏறத்தாழ எழுபதுதான். சுகம் நிலைத்து நிற்கிறதா என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பார்க்கிறார்கள். நம் கூட்டங்களிலோ ஊன்றுகோலை வீசியெறிந்தவர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்த சாட்சி தொடங்கிவிடுகிறது.

ஜெபிக்கிறவர்களின் எதிர்பார்ப்பு நோயாளியை அழுத்துகிறது என்பது என் மனப்பிரமை அல்ல என்று நினைக்கிறேன். இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், தமக்காக ஜெபிக்கப்படுமோ படாதோ என்று தெரியாமல் இருந்த இரண்டு பிரிவினரிடையே சிக்கல்களின் அளவு ஏறத்தாழச் சமமாக இருந்தது (ஜெபிக்கப்பட்டவர்களிடம் 52, ஜெபிக்கப்படாதவர்களிடம் 51 விழுக்காடு). நிச்சயமாக ஜெபிக்கப்படுகிறது என்று சொல்லப்பட்டவர்களிடம் அது 59 விழுக்காடாக இருந்தது. ஜெபத்தைத் தராசில் நிறுக்க முடியும் என்று நான் நம்பவில்லை, இந்த ஒரு கணக்கை வைத்து எதையும் நிரூபிக்கவும் வரவில்லை. ஆனால் தமக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள், தேறிக் காட்ட வேண்டுமே என்ற பதற்றம் நோயாளிக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்ததைப் படித்தபோது, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

இனி, ஜெபிக்கப் போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது, நோயாளியிடம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேளுங்கள், கேட்டதற்காக மட்டும் ஜெபியுங்கள். என் கணவரிடம் அப்படிக் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர் தந்த ஜெபக்குறிப்புகள் மேடைக்கு ஏற்றவை அல்ல: ஊசி முதல் குத்திலேயே நரம்பில் ஏற வேண்டும், நடுவில் இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடக் கூடாது, இரவில் தாகம் அடங்க வேண்டும். நாளொன்றுக்குக் குழம்பு, காப்பி எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் அடக்கச் சொல்லியிருந்தார்கள்; சித்திரை வெயிலில் அது என்ன பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் ஊழியக்காரப் பையன் ஒருவன், அவர் கேட்டபடியே, "ஆண்டவரே, சாருக்கு இன்று இராத்திரி தாகம் எடுக்காமல் காத்துக்கொள்ளும்" என்று மட்டும் ஜெபித்துவிட்டு எழுந்தான். அந்த ஜெபத்துக்கு என் கணவர் சொன்ன ஆமென் வீட்டின் பின்கட்டு வரை கேட்டது.

கை வைப்பவர்கள் எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளியின் ஒரு கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருப்பார்கள். தொட்டால் அந்த இடம் வண்டு முரல்வது போல் அதிரும். அந்தக் கையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அதில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, அதன்மேல் சாயவும் கூடாது. ஆவியின் அசைவில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது என்பதால், வீட்டார்தான் அந்தப் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். கழுத்தில் குழாய் பொருத்தியிருந்தால் தலையில் எண்ணெய் ஊற்ற விடாதீர்கள். நெற்றியில் விரல்நுனியால் தொட்டு வைத்தால் போதும், வேதம் அளவு எதையும் குறிப்பிடவில்லை. நோய்வாய்ப்பட்டவரை உபவாசத்துக்கு அழைக்காதீர்கள். நீரிழிவுக்காரருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உணவும் மருந்தும் நேரப்படி நடக்க வேண்டும். அவருக்காக உபவாசிக்க வந்தவர்களுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது.

கொண்டுவரும் பொருட்களிலும் கவனம் வேண்டும். எங்கள் பகுதியில் நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் இளநீரும் ஏத்தன்பழமும் (நேந்திரன் வாழைப்பழம்) தான். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடியது. ஒருமுறை ஒரே நாளில் வந்து குவிந்த இளநீர்களை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். நோயாளி வீட்டுக்கு எதையாவது கொடுக்க மனமிருந்தால், டயாலிசிஸ் நாளுக்கு ஆட்டோவுக்குப் பணம் கொடுங்கள், அல்லது அந்த நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்கும் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமுண்டு என்பது தெரியாமல் நகையை அடகு வைக்கும் விசுவாசக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த அட்டையை வாங்கித் தர அலைவதும் ஜெபவீரர்கள் செய்யக்கூடிய வேலைதான்.

காரணம் தேடாதீர்கள். பூர்வீகச் சாபமா, அறிக்கையிடாத பாவமா, வீட்டில் ஏதாவது விக்கிரகம் இருக்கிறதா என்றெல்லாம் எங்களிடம் கேட்டார்கள். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தன. சிறுநீரகம் பழுதானதற்கு அவை போதுமான காரணங்கள். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் முடித்துவிட்டார். அதற்குமேல் விசாரிக்க நமக்கு அதிகாரம் தரப்படவில்லை.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது வேறு. குடும்பத்தில் யாராவது ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களிடம் பேச வேண்டும். எங்கள் வீட்டில் அதை மருமகன் ஏற்றுக்கொண்டார். மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்துவதில்லை, எந்த டயாலிசிஸையும் தவறவிடுவதில்லை, இதற்குச் சம்மதமானால் தாராளமாக ஜெபியுங்கள் என்று முகம் கோணாமல் சொல்லிவிடுவார். இரண்டு மூன்று பேர் வருத்தப்பட்டுத் திரும்பிப் போனார்கள், மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை ஆகியவற்றைப் பற்றித் தனியே எச்சரிக்கிறேன். இன்சுலினையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, வீட்டாரையும் பற்றும். குணமானதாக நம்புகிறவர் மருத்துவரிடம் போய், பரிசோதித்துப் பார்த்து, அவர் வாயாலேயே மருந்தை நிறுத்தச் சொல்ல வைக்கட்டும். மெய்யான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது.

பணத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. சுகத்துக்கு முன்பு காணிக்கை உறையை நீட்டுகிறவரை நம்ப வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். குறிப்பிட்ட நோய்களை மந்திர சக்தியால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்தே நம் நாட்டில் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் குணமாகவில்லை. டயாலிசிஸோடு சில ஆண்டுகள் வாழ்ந்து, பேத்திக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்து, உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனைக்குச் சக்கர நாற்காலியில் போய்வந்து, பின்பு இதயம் தளர்ந்து மரித்தார். ஜெபம் வீண் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசி மாதங்களில் எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி போதகரை அவரே அழைத்தார். மரண வீட்டில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, கடைசி நேரத்தில் சாருக்கு விசுவாசம் இருந்ததா என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், அவருக்குப் பரலோகத்தில் பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அது எங்களுக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அதைக் கேட்கக் காது ஒப்பவில்லை. அவரிடம் படித்த மாணவர் ஒருவர் அடுத்த வாரம் வந்து, எதுவும் பேசாமல் உட்கார்ந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கான படிவங்களை எல்லாம் நிரப்பி, கருவூலத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் இப்போது நோயாளிகளைச் சந்திக்கும் முறையை மாற்றியிருக்கிறது. கும்பலாகப் போவதில்லை, இரண்டு இரண்டு பேராகப் போகிறோம். கால் மணி நேரத்துக்குமேல் இருப்பதில்லை. டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்பப் பட்டியல் வைத்திருக்கிறோம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் நாத்தனாரும் அதில் பெயர் கொடுத்திருக்கிறார். மருந்தில்லாமலேயே கர்த்தர் குணமாக்குவார் என்பதில் அவருக்கு இன்றும் அசைவில்லை, எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. பேருந்தில் போகும்போது இருவரும் வாதாடிக்கொண்டே போவோம், டயாலிசிஸ் கூடத்துக்குள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஏற்பாடு. புதன்கிழமைகளில் நாங்கள் துணைக்குப் போகும் இளைஞனுக்குத் தாயே சிறுநீரகம் கொடுக்க முன்வந்து, பொருத்தம் பார்க்கும் பரிசோதனைகள் திருவனந்தபுரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் இருவரும் போய்வரும் வண்டிச் செலவைத்தான் இந்த மாதம் சங்கத்திலிருந்து கொடுக்கிறோம்.